பெக்ட்லர் காசு வாங்கும் முன் தராசை எடுங்கள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1831 முதல் பெக்ட்லர் குடும்பம் சொந்தமாக அடித்த தங்கக் காசுகளில் பெரும்பாலும் எடையும் காரட்டும் காசின் மேலேயே பொறித்திருக்கும். வாங்குபவருக்கு இது பெரிய வசதி. 5 டாலர் காசில் ‘134 ஜி, 21 காரட்’ என்றிருந்தால், அந்த ஜி கிராம் இல்லை, கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், ஆக 8.68 கிராம் நிற்க வேண்டும். தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும், சரி. ஆறு கிராம்தான் காட்டுகிறது என்றால் பேரமே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முலாம் பூசிய நகல்கள் நிறைய உண்டு.

அப்புறம் விளிம்பைப் பாருங்கள். சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு இருந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம். காசுகளைச் சோதித்துச் சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் உறையில் வந்தால் சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள்.