முதல் செமினார் எடுக்கப் போகிறீர்களா? பத்து நிமிடத்துக்குத் தயாராவது எப்படி

"அடுத்த வாரம் உன் செமினார்" என்று ஆசிரியர் சொன்னதும் பலரும் முதலில் செய்வது, ஸ்லைடுக்கு நல்ல டிசைன் தேடுவதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பல வருடங்களாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மாணவர்களின் செமினார்களைக் கேட்டு வருகிறேன். ஸ்லைடு அழகாக இல்லாததால் கெட்டுப்போன செமினாரை நான் பார்த்ததில்லை. என்ன சொல்ல வருகிறோம் என்று பேசுபவருக்கே தெரியாமல் கெட்டுப்போனவை நிறைய.

உங்களுக்கு வந்த தலைப்பு 'வடகிழக்குப் பருவமழை' என்று வைத்துக்கொள்வோம்.

1. ஒரு கேள்வி, ஒரு பதில்

தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றித் தாளில் எழுதுங்கள்: "ஜூனிலேயே கேரளத்தில் மழை கொட்டுகிறது, சென்னை மட்டும் ஏன் அக்டோபர் வரை காத்திருக்கிறது?" அதன் கீழே பதில்: "தென்மேற்குக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. காற்று திசை மாறி வங்கக் கடல் வழியாக வரும்போதுதான் நமக்குப் பெருமழை."

இந்தப் பதிலுக்கு உதவாத எதையும் சேர்க்காதீர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றி விரிவாகப் பேச ஆசை வரும். அது தனி செமினார்.

2. மூன்று துண்டு

ஜூன் முதல் செப்டம்பர் வரை என்ன நடக்கிறது, நடுவில் மலை என்ன செய்கிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்ன மாறுகிறது. பத்து நிமிடத்துக்கு இது போதும். எண்களையும் அள்ளி வீசாதீர்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்தக் கடைசி மூன்று மாதங்களில் பெய்கிறது என்ற ஒன்றே மனதில் நிற்கும்.

3. கண்ணுக்குக் காட்டுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஒரு மாணவி டஸ்டரை மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள். "இதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை." அதன் ஒரு பக்கம் சாக்பீஸ் தூளைக் கொட்டி மெல்ல ஊதினாள். தூள் அந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் மேசை கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. "கோயம்புத்தூரும் மதுரையும் இங்கே இருக்கு" என்று அந்த இடத்தில் விரலை வைத்தாள். பின்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அவள் அதோடு விடவில்லை. "உண்மையில் காற்று மலையில் முட்டி நிற்பதில்லை. மேலே ஏறிக் குளிர்ந்து, ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, வறண்டு இந்தப் பக்கம் இறங்குது" என்றாள். உவமை எந்த இடத்தில் பொருந்தாது என்பதையும் சொன்னால்தான் பாடம் சரியாகப் போய்ச் சேரும்.

இன்னொன்று: வகுப்பைப் பார்த்து நிற்கும்போது உங்கள் வலப்பக்கம் அவர்களுக்கு இடப்பக்கம். மேற்கு அவர்களுக்கு இடப்பக்கம் தெரியும்படி வையுங்கள்.

4. இப்போது ஸ்லைடு

ஐந்தாறு போதும். ஒன்றில் ஒரு படம், இரண்டு வரி. முழுப் பத்தியை ஒட்டினால் நீங்கள் பேசுவதை விட்டுவிட்டு எல்லோரும் அதைத்தான் படிப்பார்கள்.

தமிழில் தட்டச்சு செய்தால் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள்: நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத வகுப்புக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

5. நின்று, வாய்விட்டு, மூன்று முறை

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. கைபேசியில் ஸ்டாப் வாட்ச் வைத்து எட்டு நிமிடத்தில் முடியுங்கள். டஸ்டரை எடுப்பது, படம் வரைவது என்று வகுப்பில் மீதி இரண்டு நிமிடம் தானாகப் போய்விடும். முதல் இரண்டு வாக்கியங்கள் மட்டும் மனப்பாடம். மற்றதற்கு ஒரு சிறிய அட்டையில் குறிப்பு.

தமிழ் வழியில் படித்து வந்து, ஆங்கிலத்தில் எடுக்க வேண்டியிருக்கிறதா? பத்தி பத்தியாக உருப்போடாதீர்கள். ஒரு சொல் மறந்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அப்படிக் கண்கலங்கி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். முதலில் தமிழில் தோழியிடம் விளக்குங்கள். பிறகு பத்துக் கலைச்சொற்களைப் பழகிக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். கடினமான ஒரு இடத்தைத் தமிழில் விளக்க ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தயங்க வேண்டாம்.

6. அன்றைக்கு

உங்கள் பெயர் வகுப்புக்குத் தெரியும். "வணக்கம்" சொல்லி, நேராக அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று விநாடி பேசாமல் நில்லுங்கள். பலகையில் எழுதும்போது பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி, பிறகு சொல்லுங்கள்.

7. அவர்கள் கேட்கும் கேள்வி

கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறுநாள் சொல்லிவிடுங்கள். வரக்கூடிய மூன்று கேள்விகளை முன்பே எழுதி வையுங்கள். ஒன்று நிச்சயம் வரும்: "வால்பாறையும் தமிழ்நாடுதானே, அங்கே மட்டும் ஜூலையில் ஏன் கொட்டுது?" வால்பாறை மலைக்குப் பின்னால் இல்லை, மலைமேலேயே இருக்கிறது. டஸ்டரின் உச்சியைத் தொட்டுக் காட்டுங்கள்.