நேம்சர்வரை மாற்றியும் தளம் திறக்கவில்லையா?

டொமைனை ஓரிடத்தில் வாங்கியிருப்போம். அதன் டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு) அமேசானின் ரூட் 53 என்ற டிஎன்எஸ் சேவைக்குக் கொண்டுபோவோம். ரெக்கார்டுகளை, அதாவது எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்ற பதிவுகளை, எல்லாம் கவனமாக ஏற்றிவிட்டுப் பார்த்தால் பழைய தளமே வந்து நிற்கும், இல்லையென்றால் எதுவுமே வராது. உடனே யாராவது, "48 மணி நேரம் ஆகும், பொறுங்க" என்பார்கள். அதைக் கேட்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் நான் செய்த முதல் தவறு. மூன்றாம் நாளும் ஒன்றும் மாறவில்லை. மாற்ற வேண்டிய இடத்தில் நான் எதையுமே மாற்றவில்லையே, பிறகு எப்படி மாறும்?

ரூட் 53-இல் ஹோஸ்டட் ஸோன் (ஒரு டொமைனின் ரெக்கார்டுகளை வைக்கும் தொகுப்பு) உருவாக்கியதும் அதற்குள் ஒரு என்எஸ் ரெக்கார்டு தானாகவே வந்துவிடும். அதில் நான்கு நேம்சர்வர்களின் (டொமைன் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்கள்) பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அது புது வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மட்டும்தான். தபால்காரருக்கு இன்னும் பழைய முகவரிதான் தெரியும். 'இந்த டொமைனைப் பற்றி இந்த நான்கு பேரிடம் கேள்' என்று உலகத்துக்கு வழிகாட்டுவது, மேலே இருக்கும் டாட் காம் அல்லது டாட் இன் பதிவகம். அங்கே உள்ளதை மாற்ற, டொமைன் வாங்கிய ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் போய் அந்த நான்கு பெயர்களையும் இட வேண்டும். டொமைனையே அமேசானில் வாங்கியிருந்தாலும் இதே கதைதான். பதிவு செய்த டொமைன்களுக்கான பக்கம் வேறு, ஹோஸ்டட் ஸோன் வேறு. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் தானாக ஏறாது.

அப்புறம் இன்னொரு வேலை செய்வோம்: ஏதோ குழப்பம் என்று ஸோனை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்குவோம். புது ஸோனுக்குப் புதிதாக நான்கு நேம்சர்வர்கள் ஒதுக்கப்படும். ரெஜிஸ்ட்ராரிடம் இருப்பதோ பழைய நான்கு. இதைவிடத் தலைவலி, அழிக்காமலேயே இரண்டாவது ஸோனை உருவாக்குவது. ரூட் 53 அதைத் தடுப்பதில்லை. யாருமே கேட்காத ஸோனில் நாள் முழுக்க ரெக்கார்டுகளைத் திருத்திக்கொண்டிருப்போம்.

ஆகவே காத்திருக்கும் முன் மேலிடத்தைக் கேளுங்கள். டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் (dig) கட்டளையை டிரேஸ் (+trace) தெரிவோடு ஓட்டினால் ரூட் சர்வரில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வரும். டாட் காம் சர்வர்கள் எந்த நேம்சர்வர்களைச் சொல்கின்றன என்பதையும், உங்கள் ஸோனில் உள்ள நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்தெழுத்தாக என்று சும்மா சொல்லவில்லை. மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் துணை டொமைன் ஒன்றில், நெட் என்று முடிய வேண்டிய ஒரு நேம்சர்வர் பெயர் கடைசி எழுத்து விட்டுப்போய் 'என்இ' என்று நின்றது. 'என்இ' என்பது நைஜர் நாட்டின் குறியீடு. 2020-இலிருந்து 2025 ஜனவரி வரை அது யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் 300 டாலர் செலவழித்து அந்தப் பெயரைத் தானே பதிவு செய்து, தவறைச் சுட்டிக்காட்டினார். ஐந்து நேம்சர்வர்களில் ஒன்றுதான் தவறு, மற்ற நான்கும் சரி. அதனால் தளம் படுக்கவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை.

'சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை' என்றால் எனக்கு முதலில் டிஎன்எஸ்செக் மீதுதான், அதாவது டிஎன்எஸ் பதில் உண்மையானதா என்று கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை மீதுதான், சந்தேகம் போகும். பழைய இடத்தில் ஸோன் கையொப்பமிடப்பட்டிருந்தால், அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிஎஸ் ரெக்கார்டு மேலே பதிவகத்தில் இருக்கும். புது ஸோனில் கையொப்பம் இல்லாமல் நேம்சர்வரை மட்டும் மாற்றினால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் 8.8.8.8 (கூகுள்), 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர்) போன்ற பொது டிஎன்எஸ் சர்வர்கள் பதிலை ஏற்காமல் 'சர்வ்ஃபெயில்' என்ற பிழையைத் திருப்பி அனுப்பும். சரிபார்க்காத சர்வரைப் பயன்படுத்துபவருக்குத் தளம் அழகாகத் திறக்கும். டிக் கட்டளையில், சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லும் சிடி (+cd) தெரிவைச் சேர்த்ததும் பதில் வந்தால், சிக்கல் இங்கேதான். இந்தச் சிக்கலே வராமலிருக்க, முதலில் ரெஜிஸ்ட்ராரிடம் டிஎஸ்ஸை நீக்குங்கள். ஒரு நாளாவது பொறுங்கள். அதன் பிறகே நேம்சர்வரை மாற்றுங்கள். டாட் காமில் டிஎஸ்ஸின் டிடிஎல் (மற்ற சர்வர்கள் ஒரு பதிலைக் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்திருக்கும் காலம்) 24 மணி நேரம். 2021 செப்டம்பர் 30-இல் ஸ்லாக் நிறுவனம் டிஎன்எஸ்செக்கை அவசரமாகப் பின்வாங்கியபோது, டிஎஸ்ஸை நீக்கியும் பல சர்வர்களின் கேஷில் அது தங்கிவிட, பயனர்களில் ஒரு பகுதியினர் மணிக்கணக்கில் ஸ்லாக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள்.

அந்த 48 மணி நேரக் கணக்கும் முழுப் பொய் இல்லை. டாட் காம் சர்வர்கள் தரும் என்எஸ் ரெக்கார்டின் டிடிஎல் 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள். ஆனால் எதுவும் எங்கும் 'பரவுவதில்லை'. பழைய பதில் கேஷில் காலாவதியாகிறது, அவ்வளவுதான். அதனால் பழைய டிஎன்எஸ் கணக்கை அன்றைக்கே மூடிவிடாதீர்கள், இரண்டு மூன்று நாள் ஓடட்டும். மின்னஞ்சலுக்குத் தேவையான எம்எக்ஸ், டிஎக்ஸ்டி ரெக்கார்டுகளை மாற்றத்துக்கு முன்பே புது ஸோனில் ஏற்றிவிடுங்கள். தளம் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்போம்; மின்னஞ்சல் வரவில்லை என்பது மறுநாள் வாடிக்கையாளர் போன் செய்யும்போதுதான் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் பதிவகம் உங்கள் டொமைனையே காட்டவில்லையா? டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் தகவலில் 'கிளையன்ட் ஹோல்டு' (ரெஜிஸ்ட்ரார் நிறுத்திவைத்த நிலை) என்று இருக்கிறதா பாருங்கள். டாட் காம் போன்றவற்றில் புதிதாகப் பதிந்த மின்னஞ்சலை 15 நாளுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் டொமைனை நிறுத்திவைக்கலாம்.

துணை டொமைனை மட்டும் ரூட் 53-க்குக் கொடுக்கிறீர்கள் என்றால் ரெஜிஸ்ட்ராரிடம் போக வேலையில்லை. தாய் டொமைன் எந்த டிஎன்எஸ்ஸில் இருக்கிறதோ, அங்கே என்எஸ் ரெக்கார்டு சேர்க்க வேண்டும். சில இடங்களில் பெயரின் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால் உங்கள் டொமைன் பெயரும் பின்னால் ஒட்டிக்கொள்ளும், கவனம். பிறகு ஒருநாள் அந்தத் துணை ஸோன் வேண்டாம் என்று அழிக்கும்போது, தாய் ஸோனில் உள்ள என்எஸ் ரெக்கார்டை முதலில் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால், கைவிடப்பட்ட அந்தப் பெயரை வேறொருவர் தன் கணக்கில் கைப்பற்றி, உங்கள் பெயரிலேயே ஒரு போலித் தளத்தை ஓட்ட வழி திறந்திருக்கலாம்.