உருகும் கடிகாரத்துக்குப் பலன் பார்க்காதீர்கள்

கனவில் வருவதுபோல் ஒன்றுக்கொன்று பொருந்தாதவற்றைச் சேர்த்துக் காட்டும் சர்ரியலிச ஓவியம் ஒன்றைப் பார்த்ததும் நம்மில் பலர் முதலில் கேட்பது "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை, பதிலைத் தேடிப் போகும் இடம்தான் தப்பு. காலண்டரில் பல்லி விழும் பலன் போட்டிருப்பார்களே, தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது என்று, அதே மாதிரி எறும்பு என்றால் அழிவு, முட்டை என்றால் பிறப்பு, கடிகாரம் என்றால் காலம் என ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு படத்தைப் படிக்கிறோம். பட்டியல் தீர்ந்ததும் நகர்ந்துவிடுகிறோம். படத்தைப் பார்க்கவே இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி 1931-இல் வரைந்த 'நினைவின் நிலைத்தன்மை', நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருப்பது. அதில் எல்லாக் கடிகாரங்களும் உருகுகின்றன என்றுதான் பலரும் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள். மொத்தம் நான்கு, உருகுவது மூன்றுதான். இடப்பக்கம் கீழே ஆரஞ்சு நிறத்தில் மூடிக் கிடக்கும் நான்காவது கெட்டியாக இருக்கிறது, எறும்புகள் மொய்ப்பதும் அதைத்தான். பக்கத்திலேயே ஒன்று பாலாடைபோல் மேசை விளிம்பில் வழிகிறது, அதன்மேல் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஈ. நம் வீட்டு எறும்பு இளகிய பண்டத்தைத்தான் தேடிப் போகும். இந்த எறும்புகளோ இளகியதை விட்டுவிட்டு உலோகத்தை மொய்க்கின்றன. எனக்கு இந்தப் படத்தில் முதுகு சிலிர்க்கும் இடம் இதுதான். "எறும்பு என்றால் அழிவு" என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். அந்த எறும்புக்கே டாலியிடம் சொந்தக் கதை உண்டு: சின்ன வயதில், அடிபட்ட வௌவால் ஒன்றை எறும்புகள் மொய்த்துக் கிடந்ததைப் பார்த்ததாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். இன்னொரு ஓவியர் எறும்பு வரைந்தால் அது இந்த எறும்பு இல்லை.

அடுத்தது, பின்னால் தெரியும் வெளியைக் 'கனவுப் பாலைவனம்' என்று சொல்லிவிடுவது. அந்தப் பாறைகள் ஸ்பெயினின் கத்தலோனியாவில் கேப் டி கிரியஸ் கடற்கரையில் இருப்பவை, டாலி வாழ்ந்த போர்ட் லிகாட் பக்கம். அவர் சொல்லும் கணக்குப்படி அந்த நிலக்காட்சியும் கிளை வெட்டப்பட்ட ஆலிவ் மரமும்தான் முதலில் வந்தன. ஒரு நாள் இரவு தலைவலியோடு வீட்டில் தனியாக இருந்தவர், சாப்பாட்டின் கடைசியில் தின்ற கமம்பேர் சீஸின் மென்மையை நினைத்துக்கொண்டே போய்ப் படத்தைப் பார்த்தபோதுதான் கடிகாரங்கள் தோன்றினவாம். ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையை மனதில் வைத்து வரைந்தார் என்று அடித்துச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதற்காக டாலி சொன்னதை அப்படியே விழுங்கவும் வேண்டாம், தன்னைப் பற்றிக் கதை கட்டுவதில் அவர் பெரிய ஆள்.

ஓவியரின் வாழ்க்கையில் ஒரு துயரத்தைக் கண்டுபிடித்து அதைப் படத்தின் மேல் ஒட்டிவிடுவதும் இப்படித்தான். பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித்துக்குப் பதின்மூன்று வயதில், 1912-இல், தாய் ஆற்றில் மூழ்கி இறந்தார். உடலை எடுத்தபோது அவர் முகத்தை உடை மூடியிருந்ததாக ஒரு கதை உண்டு. 1928-இல் மக்ரித் வரைந்த 'காதலர்கள்' படத்தில் இருவர் முகத்தையும் துணி மூடியிருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். மக்ரித் அப்படிப்பட்ட விளக்கங்களை விரும்பியதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, வண்ணம் பூசியிருக்கும் விதத்தைக் கவனிக்காமல் விடுவது. டாலியின் அந்தப் படம் எவ்வளவு பெரியது தெரியுமா? 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம். ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. போஸ்டரிலும் போனிலும் பார்த்துப் பழகியதால் சுவரளவு இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அவ்வளவு சின்ன இடத்தில் எறும்பையும், நடுவில் கிடக்கும் முகம் போன்ற உருவத்தின் கண்ணிமை முடியையும் வரைந்திருக்கிறார், பிரஷ் போன தடம் தெரியாமல். ஆயில் பெயிண்ட் மெதுவாகக் காய்வதால்தான் ஒரு நிறம் இன்னொன்றில் விளிம்பே இல்லாமல் கரைய முடிகிறது. அந்த வழுவழுப்பு வெறும் திறமைக் காட்சி இல்லை. தடித்த பூச்சில், பிரஷ் இழுப்பு தெரிய வரைந்திருந்தால் பாறை உட்பட எல்லாமே இளகித் தெரிந்திருக்கும், கடிகாரம் இளகியது உறைத்திருக்காது. ஒரு போட்டோவைப்போல் துல்லியமாக வரைந்ததால்தான் நம் கண் முதலில் நம்பிவிட்டு, அப்புறம் திடுக்கிடுகிறது.

சரி, எல்லா சர்ரியலிசப் படமும் இப்படி வழுவழுவென்று இருக்குமா என்றால் இல்லை. ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டின் 'மழைக்குப் பின் ஐரோப்பா' (1940–42) நேர் எதிர். இரண்டாம் உலகப் போருக்கு நடுவே பிரான்ஸில் தொடங்கி, தப்பி அமெரிக்கா போன பிறகு முடித்த படம். ஈர வண்ணத்தின் மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுத்தால் பவளப்பாறை மாதிரி, அழுகிய பாசி மாதிரி தடங்கள் எழும். அவற்றை உற்றுப் பார்த்து, அதற்குள் தெரிந்த உருவங்களைப் பிறகுதான் பிரஷ்ஷால் வெளியே கொண்டுவந்தார். இங்கே போய் "ஓவியர் இந்தச் சின்னத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, பாதியைத் தேர்ந்தெடுத்தது வண்ணம். அந்தப் படம் முன்னால் வந்தால், நடுவில் ஈட்டியோடு நிற்கும் பறவைத்தலை மனிதனிடம் உடனே போகாதீர்கள். அந்தக் கரடுமுரடான இடிபாடு எங்கே நின்று, கையால் பூசிய நீல வானம் எங்கே தொடங்குகிறது என்று விளிம்போடு ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு அவனிடம் வாருங்கள்.