நிலக்கீழ் அறையில் ஹோம் தியேட்டர்: திரையிலிருந்து தொடங்காதீர்கள்

திருகோணமலையில் உவர்மலை போன்ற மேட்டுச் சரிவில் வீடு கட்டுபவர்கள், ஒரு பக்கம் மண்ணோடு ஒட்டிய கீழறை ஒன்றை எடுக்கலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் அந்த எண்ணமே வேண்டாம். மாரியில் கிணற்று நீர் மேலேறும்போது அறைக்குள்ளும் வந்துவிடும்.

அறை கிடைத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, பெரிய சுவரைப் பார்த்துத் திரையின் அளவை முடிவெடுப்பது. பிறகு மிஞ்சிய இடத்தில் ஸ்பீக்கர், கடைசியாகப் பின்சுவரோடு ஒட்டிச் செற்றி. இந்த ஒழுங்கு தலைகீழானது. காது எங்கே இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவெடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து அளந்து வருவது.

18 அடி நீளம், 12 அடி அகலமான ஓர் அறையை எடுப்போம். பின்சுவரோடு செற்றியைப் போட்டால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலியெல்லாம் அந்தச் சுவரில் குவிந்து, காதில் வெறும் இரைச்சலாக விழும். சரி, நடுவில் போடலாம் என்றால் அங்கே எதிர்மாறான தொல்லை. அந்த நீளத்துக்குரிய 31 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி சரியாக நடுவில் அடங்கிப் போய்விடும். மண்ணோடு ஒட்டிய கொங்கிரீட் சுவர் அதிர்ந்து கொடுக்காது, அதனால் பேஸ் வெளியே கசியாமல் இந்த ஏற்ற இறக்கம் மேல்மாடி அறையைவிடக் கடுமையாகவே இருக்கும். பின்சுவரிலிருந்து ஏறத்தாழ 7 அடி முன்னே, அதாவது நீளத்தில் 38 சதவீதத்தில் இருக்கையை வைத்துக் கேட்கத் தொடங்குங்கள். அறை இன்னும் கட்டப்படவில்லை என்றால், நீளமும் அகலமும் சமமான சதுர அறையைத் தவிர்க்கும்படி மேசனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சதுர அறையில் இரு திசையின் அதிர்வும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும், பிறகு எந்தச் சாமானாலும் முழுதாகத் திருத்த முடியாது.

பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை எங்கே வசதியோ அங்கே மூலையில் தள்ளிவிடுகிறார்கள். அதை நீங்கள் இருக்கும் இடத்திலேயே வைத்து, பேஸ் நிறைந்த பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து காதைத் தாழ்த்தி நகருங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றினாலும் விளைவு ஒன்றே என்பதால் இது பலிக்கிறது.

இப்போது திரை. முன்சுவரிலிருந்து 11 அடியில் இருக்கும் கண்ணுக்கு 100 அங்குலத் திரை ஏறத்தாழ 36 பாகைக் கோணத்தில் தெரியும். சினிமாவுக்கு இது நல்ல அளவு. அதே திரையைப் பின்சுவரோடு இருந்து பார்த்தால் 24 பாகைதான். உயரத்தில்தான் கூடுதலாகப் பிழைக்கிறது, வரவேற்பறைப் படம்போல மேலே மாட்டிவிட்டுக் கழுத்து நோகிறது என்பார்கள். கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 2 அடியில் நின்றால், இருந்து பார்ப்பவரின் கண் திரையின் கீழ் மூன்றிலொரு பங்கில் விழும்.

வசனத்தில் பெரும்பகுதி வருவது நடு ஸ்பீக்கரில். அதை அலுமாரித் தட்டுக்குள் புகுத்தினால் பேச்சு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். திரைக்குக் கீழே, தட்டின் முன்விளிம்போடு, காதை நோக்கிச் சற்று மேலே சாய்த்து வையுங்கள். இடது வலது ஸ்பீக்கர்கள் இந்த அறைக்கு 8 முதல் 9 அடி இடைவெளியில், காது உயரத்தில். சுற்றொலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் பின் மூலைக் கூரையில் அல்ல. காதுக்குப் பக்கத்திலிருந்து சற்றே பின்னுக்கு, தலைக்கு ஓரிரு அடி மேலே போதும்.

மாபிள் தரையும் பூசிய சுவரும் ஒலியைத் திருப்பி எறியும். செற்றிக்கு முன்னால் தடித்த விரிப்புப் போடுங்கள், பக்கச் சுவரில் கனத்த திரைச்சீலை விடுங்கள். ஆனால் ஈரமான சுவரை அவற்றால் மூடிவிடாதீர்கள், பூஞ்சணம் புரொஜெக்டர் லென்ஸ் வரை வரும். மண்பக்கச் சுவரில் ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் நீர் கோத்தால் மண்ணிலிருந்து ஊறுகிறது. அறைப்பக்கம் கோத்தால் காற்றின் ஈரம், காற்றோட்டமோ ஏசியோ தீர்க்கும். ஊறுகிற சுவரென்றால் நீர்க்காப்புச் செய்து ஒரு மாரி பார்த்த பிறகே திரையை ஆணியடியுங்கள்.

பூச்சுக்கு முன் புரொஜெக்டர் வரை அகலமான குழாய் ஒன்று பதித்துவிடுங்கள். சாதாரண எச்டிஎம்ஐ வயரில் 4கே படம் 5 மீற்றருக்கு மேல் தடுமாறத் தொடங்கும். தூரம் கூடினால் ஒளியிழை வயர்தான் இழுக்க வேண்டும், அதன் தலை நுழையாத குழாயைப் பதித்தால் சுவரை மறுபடி உடைக்க நேரும்.