ஆங்கிலத்தில் கேட்பதும் மறுப்பதும்: ‘ப்ளீஸ்’ போட்டால் மட்டும் போதாது

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். ‘அனுப்பு’ என்பதை ‘அனுப்புங்க’ ஆக்கினால் வேலை முடிந்தது. அதுவும் ஏவல்தான், ஆனாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அந்த ‘ங்க’ கிடையாது. அந்த வெற்றிடத்தில் நாம் ப்ளீஸைக் கொண்டுபோய் வைக்கிறோம்: “ப்ளீஸ் செண்ட் மீ த ரிப்போர்ட்.” இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் லண்டனிலோ சிட்னியிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு அது ப்ளீஸ் போட்ட உத்தரவாகத்தான் படும். ஆங்கிலத்தில் பணிவைக் காட்டுவது வாக்கியத்தின் வடிவம்: கேள்வியாகக் கேட்பது, இறந்தகால வினையைப் போடுவது, ‘முடியாது’ என்று சொல்ல எதிராளிக்கு வழி விடுவது.

ஏவல் வினையே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பலன் எதிராளிக்கே என்றால் ஏவல்தான் இயல்பு. “கம் இன்”, “ஹேவ் எ சீட்”, “ஹெல்ப் யுவர்செல்ஃப்” எல்லாம் உபசாரம். பலன் உங்களுக்கு, சிரமம் அவருக்கு என்கிறபோதுதான் கீழே உள்ள படிகள் தேவை.

படி 1: முதலில் எடை போடுங்கள்

வாயைத் திறப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். அவர் உங்களுக்கு மேலே இருப்பவரா? எவ்வளவு பழக்கம்? நீங்கள் கேட்பது சின்ன உதவியா, பெரிய உதவியா? மொழி ஆய்வாளர்கள் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் முன்வைத்த அளவுகோல்கள் இவை. அவர்கள் ஒப்பிட்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், கோயம்புத்தூர் மாவட்டத்து கிராமத் தமிழ். நம் ஊர்ப் பேச்சும் அந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் என்பது பலருக்குத் தெரியாது.

நாம் பெரும்பாலும் பதவியை மட்டும் பார்த்துப் பேசுகிறோம். மேலாளருக்கு ஒரு ஆங்கிலம், ஜூனியருக்கு வேறு ஆங்கிலம். ஆங்கிலம் பேசும் அலுவலகங்களில் உதவியின் கனமும் அதே அளவுக்கு முக்கியம். ஜூனியரிடம் என்றாலும், சனிக்கிழமை வந்து வேலை செய்யச் சொல்வதென்றால் வாக்கியம் நீளத்தான் வேண்டும்.

படி 2: மைய வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள்

“கேன் யூ” – நண்பர், பக்கத்து மேசைக்காரர், பேனா அளவு உதவி.

“குட் யூ” – எங்கேயும் செல்லும். சந்தேகம் வந்தால் இதையே போடுங்கள். வடிவம் இறந்தகாலம், பொருள் நிகழ்காலம். அந்தக் கால விலகல்தான் பணிவாகக் கேட்கிறது.

“வுட் யூ மைண்ட்” – கொஞ்சம் சிரமம் தரும் உதவி. அடுத்து வரும் வினை ‘இங்’ என்று முடிய வேண்டும்: “வுட் யூ மைண்ட் செண்டிங் இட் அகெய்ன்?” ‘டு செண்ட்’ என்று போட்டால் பிழை.

“ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்” – பெரிய உதவி, அல்லது அறிமுகம் குறைவான ஆள்.

இந்த இடத்தில் வழக்கமாகச் சறுக்குவது மூன்று. ஒன்று, “கேன் யூ ஏபிள் டு” என்பது. கேன் வந்தால் ஏபிள் வராது. “ஆர் யூ ஏபிள் டு” வேண்டுமானால் சொல்லலாம். இரண்டு, “குட் யூ டெல் மீ வேர் இஸ் த ஸ்டேஷன்” என்று கேட்பது. உள்ளே இருக்கும் கேள்வி நேர் வரிசைக்குத் திரும்பிவிடும்: “வேர் த ஸ்டேஷன் இஸ்.” மூன்றாவது பதிலில் நடக்கும் கோளாறு. “வுட் யூ மைண்ட்” என்றால் ‘உங்களுக்குச் சிரமமா?’ என்று அர்த்தம். உதவ நினைப்பவர் “எஸ்” என்றால் மறுத்ததாகிவிடும். “நோ, நாட் அட் ஆல்” என்று சொல்லிவிட்டு வேலையைச் செய்ய வேண்டும்.

“கேன் யூ பாஸ் த சால்ட்?” என்றால் உங்கள் திறமையைச் சோதிக்கவில்லை. 1975-இல் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் இத்தகைய வாக்கியங்களைத்தான் மறைமுகப் பேச்சுச் செயல் என்று விளக்கினார்: வடிவம் கேள்வி, வேலை வேண்டுகோள். உப்பை நகர்த்தினால் போதும்.

ஏணியில் மேலே ஏறுவது எப்போதும் நல்லது என்று நினைக்காதீர்கள். கூடப் படிக்கும் நண்பரிடம் “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாஸிப்ளி லெண்ட் மீ எ பென்” என்றால் கிண்டல் செய்கிறீர்கள் என்றோ, கோபமாக இருக்கிறீர்கள் என்றோதான் எடுத்துக்கொள்வார்.

படி 3: முன்னும் பின்னும் கட்டுங்கள்

மொழி ஆய்வாளர் ஷோஷனா பிளம்-குல்காவும் சகாக்களும் 1980-களில் பல மொழிகளின் வேண்டுகோள்களை ஒப்பிட்டபோது மூன்று உறுப்புகளைப் பிரித்தார்கள்: கவனத்தை இழுக்கும் விளிப்பு, மைய வாக்கியம், அதைத் தாங்கும் துணை வாக்கியங்கள். நாம் கோட்டை விடுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

ஒரு சாட் செய்தியைப் பிரித்துப் பார்ப்போம். முதல் வடிவம்:

“ஹாய் சார். ப்ளீஸ் செண்ட் த ஃபைல் டுடே. இட் இஸ் அர்ஜென்ட்.”

திருத்திய வடிவம்:

“ஹாய் டாம், ஐம் புட்டிங் டுகெதர் த ஸ்லைட்ஸ் ஃபார் டுமாரோஸ் மீட்டிங். குட் யூ செண்ட் மீ த சேல்ஸ் ஃபிகர்ஸ் பை ஃபோர்? இஃப் தட்ஸ் டைட், ஜஸ்ட் த ஜூன் ஒன்ஸ் வுட் பீ ஃபைன்.”

காரணம் முதலில் வந்துவிட்டது, அதனால் கேள்வி திடீரென்று விழவில்லை. ‘அர்ஜென்ட்’ என்ற அழுத்தத்துக்குப் பதில் நான்கு மணி என்ற தெளிவான நேரம் இருக்கிறது. கடைசி வாக்கியம்தான் முக்கியம்: முழுசாக முடியாவிட்டால் பாதியாவது தரலாம் என்று அவருக்கு வழி விடுகிறது. வழி விட்டால் வேலை நடக்காதே என்று பயப்பட வேண்டாம். நான்கு மணி அங்கேயேதான் இருக்கிறது. இன்னொன்று: வெறும் “ஹாய்” மட்டும் அனுப்பிவிட்டு பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். விஷயத்தையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள்.

“கைண்ட்லி டூ த நீட்ஃபுல்” நம் அலுவலகங்களுக்குள் யாரையும் உறுத்தாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது மட்டும் எது ‘நீட்ஃபுல்’ என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

பேசும்போது குரலையும் கவனியுங்கள். “குட் யூ ப்ளீஸ்” என்பதில் ப்ளீஸை மட்டும் அழுத்தினால் ‘எத்தனை தடவை சொல்வது’ என்று பொருள் வந்துவிடும். ப்ளீஸைக் கடைசியில் மெல்லப் போடுவது பத்திரம்.

மறுப்பது: இதுதான் கஷ்டமான பாடம்

‘பாக்கலாம்’, ‘வீட்ல கேட்டுட்டு சொல்றேன்’ என்றால் அது நாசூக்கான ‘இல்லை’ என்று நமக்குப் புரியும். அதை “ஐல் ட்ரை” என்று ஆங்கிலத்தில் சொன்னால், எதிரில் இருப்பவர் பாதி சம்மதமாக எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து நிற்பார். இன்னொரு பக்கம், வெறும் “நோ, ஐ காண்ட்” முகத்தில் அடித்தது போலிருக்கும். மறுப்பைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஆனால் தனியாக விடக் கூடாது.

வரிசை இப்படி: நன்றியோ மகிழ்ச்சியோ, பிறகு மறுப்பு, ஒரே ஒரு காரணம், முடிந்தால் மாற்று வழி.

“தட்ஸ் ரியலி கைண்ட் ஆஃப் யூ. ஐம் அஃப்ரெய்ட் ஐ காண்ட் மேக் சாட்டர்டே, மை சிஸ்டர்ஸ் விசிட்டிங். குட் வீ டூ நெக்ஸ்ட் வீக்?”

“ஐம் அஃப்ரெய்ட்” இங்கே வருத்தத்தைத்தான் சொல்கிறது, பயத்தை அல்ல. காரணம் ஒன்று போதும்; மூன்றாக அடுக்கினால் சாக்கு போலத் தெரியும். அவர் மறுபடி கூப்பிடுவதில் உங்களுக்கு விருப்பமில்லை என்றால் மாற்றுத் தேதி சொல்லாதீர்கள். “மேபி அனதர் டைம்” என்று நிறுத்திக்கொள்ளலாம்.

மேலாளர் கூடுதல் வேலை தரும்போது முடியாது என்பதை முன்னுரிமைக் கேள்வியாக மாற்றுங்கள்: “ஐ கேன் டேக் திஸ் ஆன், பட் த ஆடிட் ரிப்போர்ட் இஸ் டியூ ஃப்ரைடே. விச் வுட் யூ லைக் ஃபர்ஸ்ட்?” முடிவு அவரிடம் போய்விடுகிறது.

சாப்பாட்டு மேசையில் “ஐ டோன்ட் வான்ட்” என்பது ‘வேணாங்க’ ஆகாது, சிணுங்கலாகக் கேட்கும். “நோ தேங்க்ஸ், ஐம் ஃபைன்” போதும். ஜாக்கிரதை, ஆங்கிலேயர் வீடுகளில் முதல் மறுப்பையே பெரும்பாலும் உண்மையாக எடுத்துக்கொள்வார்கள். மூன்று தடவை வற்புறுத்துவார்கள் என்று மரியாதைக்காக வேண்டாம் சொன்னால், பசியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

சில்லறை விஷயங்கள்

“யூ ஹேட் பெட்டர் ஃபினிஷ் இட்” என்பது யோசனையாகத் தோன்றும். உண்மையில் ‘முடிக்கலேன்னா பாரு’ என்ற எச்சரிக்கை. யோசனை சொல்ல “ஹவ் அபௌட்” போதும். “ஒய் டோன்ட் யூ கால் ஹிம்?” என்றால் யாரும் காரணம் கேட்கவில்லை, அவருக்குப் போன் போட்டுப் பாருங்கள் என்கிறார்கள். பிரிட்டிஷ் மேலாளர் “யூ மைட் வாண்ட் டு செக் திஸ்” என்று எழுதினால், விருப்பமிருந்தால் பார் என்றில்லை, உடனே பார் என்று படியுங்கள். வழி கேட்கும்முன் “எக்ஸ்க்யூஸ் மீ”, இடித்தபின் “சாரி”. பெரிய தவறுக்கு “சாரி” மட்டும் நிற்காது. என்ன தவறு, எப்படிச் சரிசெய்வீர்கள் என்ற இரண்டும் சேர வேண்டும்.

பயிற்சி

ஒரு தாளில் மூன்று உதவிகளை எழுதுங்கள்: பேனா, ஒரு மணி நேர ஷிப்ட் மாற்றம், ஒரு வாரத்துக்கு லேப்டாப். ஒவ்வொன்றையும் நண்பரிடமும் மேலாளரிடமும் கேட்பதாக எழுதினால் ஆறு வேண்டுகோள்கள் கிடைக்கும். பிறகு அந்த ஆறையும் நீங்களே மறுத்துப் பதில் எழுதுங்கள். பேனாவுக்கு ஒரு வரிக்கு மேல் போயிருந்தால் வெட்டுங்கள். லேப்டாப்புக்குக் காரணமும், முடியாது என்று சொல்ல வழியும் இல்லாவிட்டால் சேருங்கள். மறுப்புகளில் “ஐல் ட்ரை” எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து அடித்துவிட்டு, எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துப் போனில் பதிவு செய்து கேளுங்கள்.