டாக்கா 1971: படை போன வழியைக் கையால் வரைந்து புரிந்துகொள்வது எப்படி

ஒரு பெரிய தாள், நீலம், பச்சை, சிவப்பு, கறுப்பு என நாலு பேனா, ஒரு மாலைப் பொழுது. இவ்வளவு இருந்தால் அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் தலைநகர் டாக்கா, 1971 டிசம்பரில் இந்தியப் படையும் வங்க விடுதலைப் போராளிகளும் சேர்ந்து போரிட்டதில் பாகிஸ்தான் படையிடமிருந்து எப்படி விடுபட்டது என்பதை நீங்களே தாளில் கொண்டுவந்துவிடலாம். நிறையப் பேர் இந்தப் போரை "பதிமூன்று நாளில் முடிந்தது" என்ற ஒரு வரியிலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஏன் பதிமூன்று நாளில் முடிந்தது என்பது வரைந்தால்தான் புரியும், படித்தால் மட்டும் புரியாது. நான் படித்துப் படித்துக் குழம்பியபின் வரைந்து பார்த்துத்தான் தெளிந்தேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. போனில் இருக்கும் இன்றைய வரைபடத்தைப் பார்த்து அப்படியே வரையாதீர்கள். அதில் ஜமுனா மேல் பாலம் இருக்கும், அது 1998-இல் திறந்தது. பத்மா பாலம் 2022-இல் வந்தது. 1971-இல் இரண்டுமே கிடையாது. அந்தப் பாலங்களை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், மேற்கிலிருந்து நேராக டாக்காவுக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும், மொத்தக் கதையும் தப்பாகிவிடும்.

சரி, தாளை நெட்டுவாக்கில் வையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாடு முழுக்க ஒரு ஏ3 தாளில் அடங்கும். நடுவில் ஒரு புள்ளி, அதுதான் டாக்கா. சாலை, ரயில், எல்லை எதையும் இப்போது தொடாதீர்கள். நீலப் பேனாவால் ஆறுகளை மட்டும் போடுங்கள். இடப்பக்கம் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் ஜமுனா. மேற்கிலிருந்து வந்து அதனுடன் கோயாலந்தோ அருகே சேர்ந்து, டாக்காவுக்குத் தெற்கே சரிந்து போகும் பத்மா. வலப்பக்கம் வடகிழக்கிலிருந்து இறங்கி சாந்த்பூர் அருகே பத்மாவில் கலக்கும் மேக்னா. மூன்றையும் தடிமனாகப் போடுங்கள், ஏனென்றால் இவை நம் மனதில் இருக்கும் ஆறுகள் மாதிரி இல்லை, பல இடங்களில் அக்கரை கண்ணுக்கே தெரியாது. கடைசியாக ஜமுனாவிலிருந்து பிரிந்து ஜமால்பூர், மைமன்சிங் வழியாக பைரப் பஜார் பக்கம் மேக்னாவில் சேரும் பழைய பிரம்மபுத்திராவை மெல்லிய கோடாகப் போடுங்கள்.

இப்போது தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். டாக்கா மூன்று பக்கமும் பெரிய நீரால் அடைக்கப்பட்ட ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. வடக்குப் பக்கம் மட்டும்தான் ஒல்லியான கோடு. இதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து பச்சைப் பேனா. பாகிஸ்தானின் கிழக்குக் கமாண்டுக்குத் தலைமை வகித்த லெப்டினன்ட் ஜெனரல் நியாஸி, எல்லைக்கு அருகில் இருந்த ஊர்களைக் கோட்டைகளாக மாற்றி அங்கேயே போரைத் தேக்கிவிடலாம் என்று நினைத்தார். ஜெஸ்ஸோர், குல்னா, போக்ரா, ரங்பூர், ஜமால்பூர், மைமன்சிங், சில்ஹெட், பைரப் பஜார், கொமில்லா, சிட்டகாங். ஒவ்வொன்றையும் ஒரு சின்னச் சதுரமாகப் போடுங்கள். எல்லாம் போட்டதும் நடுவில் டாக்காவைச் சுற்றி எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். வெளிவாசலில் எல்லாம் பூட்டு, உள்ளே ஆளில்லை.

அந்தச் சதுரங்களுக்கு இடையே பச்சையிலேயே நிறையச் சின்னப் புள்ளிகள் வையுங்கள். அவை முக்தி பாகினி, அதாவது வங்க விடுதலைப் படை. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் படுகொலையைத் தொடங்கியதிலிருந்து எட்டு மாதத்துக்கு மேல் பாலம், ரயில், படகு என்று தாக்கி, பாகிஸ்தான் படையைக் கோட்டைகளை விட்டு நகர முடியாமல் செய்தவர்கள் அவர்கள்தான். கர்னல் ஒஸ்மானியின் கீழ் பதினொரு செக்டார்களாக, அதாவது போர்ப் பகுதிகளாக, பிரிந்து இருந்தார்கள். டிசம்பரில் வந்த படைக்கு வழி காட்டியதும், நாட்டுப் படகு கொண்டுவந்ததும், சாமான் சுமந்ததும் அவர்களும் ஊர் மக்களும்தான்.

இப்போது சிவப்பு. டிசம்பர் 3 மாலை மேற்கே இந்திய விமானத் தளங்களைப் பாகிஸ்தான் தாக்கியது, அன்றிரவு முதல் முழுப் போர். நாலு அம்புகள் போட வேண்டும். மேற்கிலிருந்து இந்தியாவின் 2-வது கோர் (கோர் என்றால் பல டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு), டிசம்பர் 7-இல் ஜெஸ்ஸோரை எடுத்தது, ஆனால் பத்மாவுக்கு அந்தப் பக்கமே நின்றது. வடமேற்கிலிருந்து 33-வது கோர், ஹிலியில் கடுமையாக மாட்டிக்கொண்டது, அதற்கும் டாக்காவுக்கும் நடுவே ஜமுனா. இந்த இரண்டு அம்பையும் ஆற்றங்கரையோடு நிறுத்திவிடுங்கள். மற்ற இரண்டில்தான் நேரம் செலவிட வேண்டும்.

கிழக்கு அம்பு அகர்தலாவிலிருந்து வருகிறது, நேர்க்கோட்டில் டாக்கா ஏறக்குறைய 90 கிலோமீட்டர். லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கின் 4-வது கோர் அகௌரா, பிராமன்பாரியா வழியாக மேக்னா கரையில் அசுகஞ்சுக்கு வருகிறது. அங்கே ரயில் பாலம் ஒன்றுதான், அதை டிசம்பர் 9-இல் பாகிஸ்தான் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. அக்கரையில் பைரப் பஜாரில் ஒரு கோட்டை. இந்த இடத்தில் அம்பை நிறுத்தி, புள்ளிக் கோடாக மாற்றுங்கள், ஏனென்றால் இங்கே படை பறந்து போனது. மி-4 ஹெலிகாப்டரில் ஒரு தடவைக்குச் சிலரைத்தான் ஏற்ற முடியும், அதை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பறந்து, இரவும் பகலும், பைரப் பஜாருக்குத் தெற்கே ராய்புராவிலும் அப்புறம் நர்சிங்டியிலும் ஆட்களை இறக்கினார்கள். மற்றவர்கள் நாட்டுப் படகில் வந்தார்கள். பைரப் பஜாரில் காத்திருந்த பாகிஸ்தான் படையைத் தாக்கவே இல்லை, சுற்றி ஒரு காவலை வைத்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்கள். உங்கள் புள்ளிக் கோடும் அந்தச் சதுரத்தைத் தொடாமல் போக வேண்டும். ஹெலிகாப்டர்களைச் சுட மேலே எதிரி விமானம் ஏன் வரவில்லை என்று கேட்டால், டாக்காவின் தேஜ்காவ் விமானத் தள ஓடுபாதையை இந்திய விமானப்படை முதல் சில நாட்களிலேயே குண்டுபோட்டுக் குழி குழியாக்கிவிட்டது.

வடக்கு அம்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாரையும்விடச் சின்னப் படை, ஆனால் ஒல்லியான கோடு இருக்கும் பக்கம் வந்தது. ஜமால்பூரில் இந்தியப் பிரிகேடியர் கிளேர், சரணடையுங்கள் என்று அங்கிருந்த பாகிஸ்தான் அதிகாரிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். எடுத்துப் போனது ஒரு முக்தி பாகினி வீரர். பதில் கடிதம் வந்தது, அதற்குள் ஒரு துப்பாக்கித் தோட்டா இருந்தது. டிசம்பர் 11-இல் ஜமால்பூர் விழுந்தது. இதற்கிடையில் மைமன்சிங்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கும் படையை மறிக்க, டிசம்பர் 11 மாலை டாங்கைல் அருகே 2-வது பாரா பட்டாலியன் பாராசூட்டில் குதித்து பூங்லி பாலத்தைப் பிடித்தது. தாளில் டாக்காவுக்கு வடமேற்கே ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டரில் ஒரு குடை வரையுங்கள்.

தேதிகளை அம்பின் மேலேயே எழுதுங்கள், தனிப் பட்டியலாக வேண்டாம். எழுதும்போது ஜெனரல்களின் நினைவுக் குறிப்புகளை அப்படியே நம்பவும் வேண்டாம். டாக்கா ஆரம்பத்திலிருந்தே இலக்கா, இல்லை போகப் போக இலக்கானதா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. என் கருத்து, மேக்னாவைத் தாண்டிய அந்த இரவில்தான் அது உறுதியானது.

டிசம்பர் 16 காலை வடக்கு அம்பின் நுனி டாக்கா ஓரத்து மீர்பூர் பாலத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து, வடக்குப் படைக்குத் தலைமை வகித்த மேஜர் ஜெனரல் நாக்ரா, முன்பே பழக்கமான நியாஸிக்கு, நான் இங்கே வந்துவிட்டேன், உன் ஆளை அனுப்பு என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினார். அன்று மாலை ரம்னா குதிரைப் பந்தய மைதானத்தில், மக்கள் கூட்டத்தின் நடுவே போட்ட ஒரு மேசையில், இந்தியாவின் கிழக்குக் கமாண்டுத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் அரோரா முன்னிலையில் நியாஸி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அங்கே அம்பை முடியுங்கள்.

கறுப்புப் பேனா இன்னும் பாக்கி இருக்கிறது. டாக்காவின் மேற்கு ஓரம், மீர்பூர் பாலத்துக்குச் சற்றுத் தெற்கே, ராயர்பஜார் என்று எழுதி அதன் பக்கத்தில் டிசம்பர் 14 என்று போடுங்கள். பேராசிரியர்களையும் மருத்துவர்களையும் பத்திரிகையாளர்களையும், பாகிஸ்தான் படையும் அதன் உள்ளூர்க் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய்க் கண்ணைக் கட்டி இழுத்துவந்து கொன்று போட்ட இடம் அது. சிவப்பு அம்புக்கும் அதற்கும் நடுவே இன்னும் இரண்டு நாள் இருந்தது.