பாக்கெட் எந்த வழியில் வெளியேறும்? கர்னலையே கேளுங்கள்

இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள லினக்ஸ் சர்வரில் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) தவறான கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) வழியாகப் போனால், வழிகளின் பட்டியலான ரூட்டிங் டேபிளைக் கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 'ஐபி ரூட் கெட் 203.0.113.10' என்று கொடுங்கள். 'வயா 192.168.1.1 டெவ் ஈத்0 எஸ்ஆர்சி 192.168.1.20' என்பதுபோல் பதில் வரும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் உண்மையில் தேடிக் கண்ட விடை அது. கடைசியில் உள்ள எஸ்ஆர்சி முகவரியை, அதாவது பாக்கெட் அனுப்புநராகக் காட்டும் சோர்ஸ் முகவரியைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள்.

தேடல் முதலில் போவது டேபிளுக்கு அல்ல, எந்த டேபிளைப் பார்ப்பது என்று சொல்லும் விதிகளுக்கு. 'ஐபி ரூல்' கொடுத்தால் 0-இல் லோக்கல், 32766-இல் மெயின், 32767-இல் டீஃபால்ட் எனக் காட்டும். சிறிய எண் முதலில். ஒரு டேபிளில் வழி கிடைக்காவிட்டால் அடுத்த விதிக்கு நகரும். டேபிளுக்குள் நீளமான பிரீஃபிக்ஸே (/24 போல முகவரியில் எத்தனை பிட் பொருந்த வேண்டும் என்பது) வெல்லும். வழியின் முன்னுரிமை எண்ணான மெட்ரிக் (சிறியதே மேல்) அதற்குப் பிறகுதான். 10.8.0.0/24-க்கு மெட்ரிக் 600, 10.0.0.0/8-க்கு 50 என்றாலும் 10.8.0.7-க்குப் போகும் பாக்கெட் /24 வழியில்தான் போகும். மெட்ரிக்கை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது கார்டான ஈத்1-இன் முகவரி 10.20.0.5 என்றால், அதிலிருந்து கிளம்புவது அதன் கேட்வே வழியாகவே போக மூன்று கட்டளைகள் வேண்டும்:

ஐபி ரூட் ஆட் 10.20.0.0/24 டெவ் ஈத்1 எஸ்ஆர்சி 10.20.0.5 டேபிள் 100
ஐபி ரூட் ஆட் டீஃபால்ட் வயா 10.20.0.1 டெவ் ஈத்1 டேபிள் 100
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 10.20.0.5 டேபிள் 100

முதல் வரியை விட்டுவிட்டால், பக்கத்து மெஷினுக்குப் போக வேண்டியதும் கேட்வேயைச் சுற்றிப் போகும். பிறகு 'ஐபி ரூட் கெட் 203.0.113.10 ஃப்ரம் 10.20.0.5' கொடுத்துச் சரிபாருங்கள். ஃப்ரம் இல்லாமல் கேட்டால் இந்த விதி பொருந்தாது, பழைய விடையே வரும். ரீபூட் ஆனால் மூன்றும் போய்விடும்; நெட்வொர்க் கான்ஃபிகரேஷனிலும் எழுதி வையுங்கள்.

ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் பாக்கெட்டுக்கு மார்க் (அடையாள எண்) போட்டு, அதை வைத்து வழியைத் திருப்புபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்வரிலிருந்தே கிளம்பும் பாக்கெட்டுகளுக்கான அவுட்புட் செயினில் மார்க் விழுவதற்கு முன்பே முதல் தேடல் முடிந்து சோர்ஸ் முகவரியும் தேர்வாகிவிடும். மறுதேடலில் வழி மாறும், முகவரி மாறாது. ஈத்1 வழியாக 192.168.1.20 என்ற முகவரியோடு பாக்கெட் கிளம்பும், பதில் திரும்பி வராது. சோர்ஸ் முகவரியை மாற்றும் எஸ்நாட் விதியும் சேர்த்தே போடுங்கள்.

சோதிக்கும்போது புதிய இணைப்பைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் டிசிபி இணைப்பு பழைய சோர்ஸ் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். ஐபிவி4 ரூட் கேஷை (முன்பு தேடிக் கண்ட வழிகளின் சேமிப்பு) அழிக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இப்போது உதவாது. 2012-இல் வந்த 3.6 கர்னலிலேயே அந்த கேஷை எடுத்துவிட்டார்கள்.